பீப்பாய் வாசமும் மட்டக்களப்பு வெக்கையும்

வாசகர் கேள்வி – பதில்

பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் வெளிநாட்டு விருந்தினரைக் கவனிக்கும் வாசகர்கள் பலர், ஸ்பெயினின் ரியோஹா சிவப்பு வைன் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைத் தொட்ட கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: விருந்தினர் ஒருவர் "ரியோஹா ரெசெர்வா" கேட்டார். எங்களிடம் இருந்தது "கிரியான்சா". இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுக்கலாமா? (ஹோட்டல் ஊழியர், பாசிக்குடா)

பதில்: சொல்ல வேண்டாம். ரியோஹா என்பது வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய பிரதேசம். அங்கே போத்தலின் மேல் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டம் இருக்கிறது. சிவப்பு வைன் கிரியான்சா என்று பெயர் பெற, அறுவடையிலிருந்து எண்ணி இரண்டு வருடமாவது தயாரிப்பாளரின் நிலவறையில் இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு வருடம் ஓக் பீப்பாயில். ரெசெர்வா மூன்று வருடம்: பீப்பாயில் குறைந்தது ஒரு வருடம், போத்தலில் குறைந்தது ஆறு மாதம். கிரான் ரெசெர்வாவுக்கு ஐந்து வருடம்: பீப்பாயில் இரண்டு, போத்தலில் இரண்டு, மிச்சம் தயாரிப்பாளரின் விருப்பம். இவையெல்லாம் குறைந்தபட்சம்தான். பேர்பெற்ற வைன் வீடுகள் (தயாரிப்பு நிறுவனங்கள்) இதைவிட நெடுநாள் வைத்திருந்தே வெளியே விடுகின்றன.

போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ரியோஹா ஒழுங்குமுறைச் சபையின் இலக்கமிட்ட சிறிய ஒட்டுச்சீட்டு இருக்கும். கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். பச்சை என்றால் முதிர்வுக் கால நிபந்தனை எதற்கும் உட்படாத வைன், பெரும்பாலும் இளசு. அந்தச் சீட்டே இல்லாத போத்தலை ரியோஹா என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இந்தக் கணக்கு ஸ்பெயின் முழுவதற்கும் ஒன்றல்ல. பக்கத்துப் பிரதேசமான ரிபேரா தெல் துவேரோவிலும் கிரியான்சாவுக்கு ஒரு வருடம் பீப்பாய் வேண்டும். ஆனால் நாட்டின் பல இடங்களில் ஆறு மாதமே போதும்.

ரெசெர்வா என்றால் எப்போதும் உசத்தி என்ற எண்ணமும் வேண்டாம். கவனமான தயாரிப்பாளரின் கிரியான்சா, அக்கறையில்லாதவரின் ரெசெர்வாவை விட எவ்வளவோ மேல். விருந்தினரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "ரெசெர்வா இல்லை, கிரியான்சா இருக்கிறது, இது இன்னும் இளமையானது, பழச்சுவை தூக்கலாக இருக்கும்." பெரும்பாலும் அவர் சரி என்பார்.

கேள்வி: பட்டியலில் "டெம்ப்ரானியோ" என்று ஒரு வைன், "ரியோஹா" என்று இன்னொன்று. எது திராட்சை, எது ஊர்? (களுவாஞ்சிக்குடி)

பதில்: ரியோஹா இடம். டெம்ப்ரானியோ அங்கே அதிகம் விளையும் கருந்திராட்சை. தோல் தடித்தது; நிறம் நன்றாக இறங்கும்; புளிப்பு நடுத்தரத்துக்குக் கீழே. அந்தப் புளிப்புக் குறைவு பெரிய பலவீனம், ஏனென்றால் நெடுங்காலம் வைக்கப்படும் வைனுக்குப் புளிப்புத்தான் முதுகெலும்பு. அதனால்தான் ரியோஹாவில் கூட்டுச் சேர்க்கிறார்கள். கிராசியானோ புளிப்பையும் வாசத்தையும் தருகிறது. மசுவேலோ புளிப்போடு துவர்ப்பும் தருகிறது. கார்னாச்சா வாயில் உணரும் கனத்தையும் மதுச் சத்தையும் கூட்டுகிறது.

இதே டெம்ப்ரானியோ ஊருக்கு ஊர் பெயரை மாற்றிக்கொள்ளும். ரிபேரா தெல் துவேரோவில் தின்தோ ஃபினோ, லா மஞ்சாவில் சென்சிபெல், போர்த்துக்கலில் தின்தா ரோரிஸ் அல்லது அரகோனெஸ். பட்டியல் தயாரிப்பவர் இதை அறிந்திருந்தால், ஒரே திராட்சையின் மூன்று வைனை மூன்று வகை என்று எழுதமாட்டார்.

ரியோஹாவுக்குள்ளும் மூன்று பகுதிகள். மேற்கே ஆரோ நகரத்தைச் சுற்றிய ரியோஹா அல்தா, ஆற்றின் வடகரையில் லாகுவார்தியா பக்கத்து ரியோஹா அலவேசா, கிழக்கே வெப்பம் கூடிய ரியோஹா ஓரியென்தால். கடைசியதன் பழைய பெயர் ரியோஹா பாஹா. முதல் இரண்டிலும் டெம்ப்ரானியோ ஆட்சி; கிழக்கில் கார்னாச்சாவுக்கு நெடுநாள் செல்வாக்கு.

கேள்வி: நம் நாட்டுத் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாயில் வைக்கிறார்கள். ஸ்பெயின்காரர் ஏன் ஓக் மரத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? பீப்பாய் உண்மையில் என்ன செய்கிறது? (கல்லடி)

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஹல்மில்ல என்பது தமிழில் நாம் சவண்டலை என்னும் மரம். வெளிநாட்டு மர வியாபாரத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர் பெற்றது. அதில் வைப்பது வடித்த சாராயம். அந்த அளவு மதுச் சத்தில் வினாகிரியாக்கும் பக்டீரியா பிழைக்காது. வைனில் மதுச் சத்து 13, 14 சதவீதம்தான். காற்று கூடுதலாகப் பட்டால் புளித்துப்போகும். ஆகவே வைனுக்கு வேண்டிய பாத்திரம் ஒழுகாமலும் இருக்க வேண்டும், அதே நேரம் காற்றை மிக மிக மெதுவாக உள்ளே விடவும் வேண்டும். ஓக் பலகை அதைச் செய்கிறது.

உள்ளே வரும் அந்தச் சிறிதளவு ஒட்சிசன், திராட்சைத் தோலின் நிறப்பொருளையும் துவர்ப்புப் பொருளையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு வழவழப்பாகிறது. ஊதாச் சிவப்பு மெல்லச் செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. மரமும் தன் பங்குக்கு வனிலா வாசம், தேங்காய் வாசம், கராம்பு வாசம் தருகிறது. பீப்பாய் செய்யும்போது பலகையை வளைக்கவும் உட்புறத்தை வாட்டவும் நெருப்புக் காட்டுவார்கள். புகை, கருகல் வாசம் அதிலிருந்து வருவது.

ரியோஹாவின் பழைய வழக்கம் அமெரிக்க ஓக். தேங்காயும் வனிலாவும் அதில் தூக்கல். அந்த மரத்தின் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் வாளால் அறுத்துப் பலகை எடுக்கலாம். பிரெஞ்சு ஓக்கை அப்படி அறுத்தால் ஒழுகும். நார் ஓடும் திசையில் பிளந்துதான் எடுக்க வேண்டும். மரம் நிறையச் சேதாரமாகும், விலையும் ஏறும். அதன் வாசம் அடக்கமானது, மசாலாப் பக்கம் சாய்வது. இன்றைய தயாரிப்பாளர்கள் பலர் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறார்கள்.

பீப்பாயின் அளவு சுமார் 225 லீற்றர். பிரான்சின் போர்தோ ஊர் அளவு இது. 1850களில் லூசியானோ தெ முரியெத்தா போன்ற தயாரிப்பாளர்கள், வைனைப் பீப்பாயில் முதிரவைக்கும் போர்தோ முறையை ரியோஹாவில் வேரூன்றச் செய்தார்கள். பிறகு பிலொக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, அந்த நாட்டு வியாபாரிகள் சரக்குத் தேடி எல்லை கடந்து வந்தார்கள். ஆரோ ரயில் நிலையத்தைச் சுற்றிப் பெரிய வைன் வீடுகள் முளைத்த காலம் அது. அந்தப் பூச்சி அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் ரியோஹாவையும் பிடித்தது வேறு கதை.

பீப்பாயில் ஊற்றிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பலகை வழியே வைன் ஆவியாகிக் குறையும். குறைந்த இடத்தை உடனுக்குடன் நிரப்பாவிட்டால் மேற்பரப்பில் காற்று நின்று வினாகிரி வாடை தொடங்கும். பாரம்பரிய முறையில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தெளிந்த வைனை இறக்கி வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள், அடியில் படிந்த மண்டியை விட்டுவிட்டு. மண்டி நின்றுபோனால் கெட்ட முட்டை வாடை வரும். புதுப் பீப்பாயின் வாசம் மூன்று நான்கு தடவை பாவித்ததும் ஓய்ந்துவிடும், ஒரே தேயிலைக்குத் திரும்பத் திரும்பச் சுடுதண்ணீர் ஊற்றுவதுபோல. ஆனாலும் பழைய பீப்பாய் வீண் அல்ல. காற்று விடும் வேலையை அது தொடர்ந்து செய்யும். ரியோஹாவின் பழைய வீடுகள் பழைய பீப்பாயைத்தான் பெரிதும் நம்புகின்றன. மரவாசம் பழத்தை மூடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. எங்கள் அபிப்பிராயமும் அதுதான்.

மலிவு வைனில் ஓக் சீவலைப் போட்டு வாசம் ஏற்றுவதும் உண்டு. அது பீப்பாய்க் காலமாகக் கணக்கில் சேராது. மூக்கில் வனிலா அடித்து, வாயில் வெறும் தண்ணீராக முடியும் வைனைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் எடுத்த நான்கு போத்தல் ரியோஹா, பார் தட்டில் அழகுக்கு நிறுத்தி வைத்திருந்தோம். இப்போது ஒன்றின் தக்கை மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றைத் திறந்தால் வேகவைத்த பேரீச்சம்பழ வாசம். சரக்கே பழுதா? (விருந்தினர் விடுதி நடத்துபவர், அறுகம்பே)

பதில்: சரக்கு நன்றாகவே வந்திருக்கும், வெக்கை கெடுத்துவிட்டது. கிழக்குக் கரையில் இந்த வைனுக்கு நேரும் கெடுதியில் பெரும்பங்கு இதுதான். ஸ்பெயினில் 12 முதல் 15 பாகை செல்சியஸ் நிலவறையில் வருடக்கணக்கில் பொறுமையாக வளர்த்த வைனை, 30 பாகையில் சில வாரங்களில் நாசமாக்கிவிடலாம். வெப்பம் ஏறினால் வைன் விரிகிறது, கண்ணாடி அவ்வளவு விரிவதில்லை. தக்கைக்குக் கீழே உள்ள சிறு இடைவெளி நிரம்பி, அழுத்தம் தக்கையை மேலே தள்ளுகிறது. இரவில் குளிரும்போது வைன் சுருங்கி, தளர்ந்த தக்கையின் ஓரமாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. நாளுக்கு ஒரு தடவை இப்படி நடந்தால் என்ன ஆகும்? பழவாசம் போய், பேரீச்சம்பழமும் ஜாமும் வேகவைத்த வாசம் வரும். அதோடு நின்றபடி வைத்த போத்தலின் தக்கை காய்ந்து சுருங்கவும் செய்யும்.

மற்ற இரண்டையும் இன்றே சோதியுங்கள். வாயின் மேல்மூடியை விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழலாமல் ஒட்டிக்கொண்டால், அல்லது மூடிக்குக் கீழே பிசுபிசுப்பு இருந்தால் ஒழுகியிருக்கக்கூடும். வெளிச்சத்துக்குப் பிடித்து வைனின் மட்டத்தைப் பாருங்கள். கழுத்துக்குள் நிற்க வேண்டிய மட்டம் தோள் வரை இறங்கியிருந்தால் விருந்தினருக்கு வைக்க வேண்டாம்.

இனி வைப்பது எப்படி? வைனுக்கென்று உள்ள குளிர்பெட்டி இருந்தால் 13 பாகையில், போத்தலைப் படுக்க வைத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் சாதாரண பிரிஜ்ஜின் கீழ்த்தட்டு. நான்கைந்து பாகை குளிர் அதிகம்தான், காற்றும் உலர்ந்தது. ஆனாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு அது வெளியில் வைப்பதைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தும் அறை நல்ல இடமல்ல, ஏறி இறங்கும் வெப்பம்தான் தக்கைக்கு எதிரி. பிரிஜ்ஜின் தலைப்பக்கம், குசினிச் சுவர், பார் விளக்குக்கு நேர் கீழே, வெயில் விழும் கண்ணாடி அலுமாரி ஆகிய இடங்கள் வேண்டவே வேண்டாம். அலங்காரத்துக்கு வெற்றுப் போத்தலை நிறுத்துங்கள். மின்வெட்டு நேரத்தில் பெட்டிக் கதவைத் திறக்காதீர்கள்; மூடியே இருந்தால் போத்தலுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும்.

வாங்கும்போதும் கடையில் போத்தல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வெயில் படும் தட்டில் தூசியோடு நிற்கும் கிரான் ரெசெர்வாவை விட, குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துத் தரும் கிரியான்சாவுக்குத்தான் நாங்கள் காசு கொடுப்போம். சீசனுக்கு வேண்டிய அளவு மட்டும் எடுங்கள். அறுகம்பேயில் ஆள் குறையும் மாரியில் சரக்கு தேங்கி நிற்கக் கூடாது.

கேள்வி: சிவப்பு வைனை "அறை வெப்பத்தில்" பரிமாறு என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். எங்கள் அறை வெப்பம் 31 பாகை. (வாழைச்சேனை)

பதில்: அந்த விதி குளிர் நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டது. ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 பாகை, கிரியான்சாவுக்கு 14 முதல் 16. அதற்கு மேலே போனால் மதுச் சத்து மூக்கைக் குத்தும், மற்ற வாசம் மறையும். குளிர் அதிகமானால் துவர்ப்பு கசக்கும்.

பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த வாளியில் கழுத்து வரை அமிழ்த்தினால் 12 முதல் 15 நிமிடத்தில் சரியாகும். தண்ணீர் இல்லாமல் வெறும் பனிக்கட்டியில் வைத்தால் இடையில் காற்று நின்று நேரம் இழுக்கும். பிரிஜ் என்றால் ஒன்றரை மணி நேரம் அளவில் பிடிக்கும். ஏற்கெனவே பிரிஜ்ஜில் கிடந்த போத்தலானால் முக்கால் மணி நேரத்துக்கு முன் வெளியே எடுங்கள். குசினியில் இறைச்சிக்குப் பாவிக்கும் ஊசி வெப்பமானியை நன்றாகக் கழுவி, முதல் கிளாஸில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் இந்த நேரமெல்லாம் உங்கள் இடத்துக்கு எவ்வளவு என்று பிடிபட்டுவிடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். நம் வெக்கையில் கிளாஸில் கிடக்கும் வைன் பத்து நிமிடத்தில் சூடேறும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே மரியாதை.

கேள்வி: ரெசெர்வாவின் அடியில் கறுப்புத் தூள். கலப்படம் என்று விருந்தினர் திருப்பிவிட்டார். போத்தலைச் சுற்றிப் பொன்னிறக் கம்பிவலை வேறு. அதை என்ன செய்வது? (திருக்கோவில்)

பதில்: அது படிவு. நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் இறங்கியது. கேடில்லை, ஆனால் வாயில் மணலாகத் தட்டும். ஒரு நாள் முன்பே போத்தலை நிமிர்த்தி நிறுத்துங்கள். கம்பிவலை ஒருகாலத்தில் போத்தலைத் திறந்து வேறு வைன் நிரப்பும் மோசடியைத் தடுக்க வந்தது, இன்று அலங்காரம். கழுத்தில் வெட்டிக் கீழே இறக்கினால் போதும்.

மேல்மூடியைக் கழுத்து வளையத்துக்குக் கீழே வெட்டி, வாயைத் துடையுங்கள். திருகாணியைத் தக்கையின் நடுவில் குத்தி, ஒரு சுற்று மிச்சம் வைத்துத் திருகுங்கள். முழுவதும் திருகினால் அடியைத் துளைத்து வைனில் தக்கைத் தூள் விழும். கடைசி அரை அங்குலத்தைக் கையால் பிடித்து மெதுவாக இழுங்கள். பிறகு கழுத்துக்குக் கீழே கைவிளக்கு ஒன்றை எரியவிட்டு, ஒரே சாய்வில் கண்ணாடிக் குடுவைக்கு ஊற்றுங்கள். தோளில் கலங்கல் தெரிந்ததும் நிறுத்துங்கள். இடையில் போத்தலை நிமிர்த்தினால் படிவு எழும்பி எல்லாம் வீண்.

பழைய தக்கை உடைந்து உள்ளே விழுந்தால் பதற வேண்டாம். மெல்லிய வடி போட்டு ஊற்றலாம். ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கைப் பழுது. உடம்புக்குக் கேடில்லை என்றாலும் போத்தலை மாற்றிக் கொடுப்பதுதான் முறை. இருபது வருடம் தாண்டிய கிரான் ரெசெர்வாவைக் குடுவையில் நெடுநேரம் விடாதீர்கள், வாசம் பறந்துவிடும்.

கேள்வி: எங்கள் நண்டுக் கறிக்கு இது பொருந்துமா? (கல்முனை)

பதில்: பொருந்தாது. மிளகாய் உறைப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்; வாய் எரியும், வைன் கசக்கும். மீன், நண்டு, இறால் எதுவானாலும் சிவப்பு வைனிலுள்ள இரும்புச் சத்து கவிச்சி வாடையை எழுப்பும். ரியோஹாவில் இதோடு சாப்பிடுவது, காய்ந்த திராட்சைக் கொடியை எரித்த தணலில் வாட்டிய ஆட்டுக்குட்டி விலா இறைச்சி. நம்மிடம் என்றால் மிளகும் உப்பும் மட்டும் போட்டு வாட்டிய ஆட்டிறைச்சி, தணலில் சுட்ட மாட்டிறைச்சி, உறைப்புக் குறைத்துத் தேங்காய்ப்பால் விட்ட கோழிக் கறி. அமெரிக்க ஓக்கின் தேங்காய் வாசம் அந்தக் கோழிக் கறியோடு அருமையாக ஒத்துப்போகும். உறைப்பாகத்தான் வேண்டும் என்பவருக்குப் பச்சைச் சீட்டு இளம் வைனை 13, 14 பாகையில் குளிரக் கொடுங்கள்.

கேள்வி: சைவ விருந்தினர் "இதில் முட்டை உண்டா" என்றார். வைனில் முட்டையா? (காரைதீவு)

பதில்: சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பாரம்பரிய வீடுகளில் பீப்பாய்க்கு நாலைந்து முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். முரட்டுத் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அது அடியில் இறங்கும். தெளிந்த வைனை மேலே எடுத்துக்கொள்வார்கள். வைனில் முட்டை மிச்சம் இராது என்றாலும் முடிவு விருந்தினருடையது. வீகன் (விலங்குப் பொருள் சேராதது) என்று அச்சிட்ட போத்தல்கள் கிடைக்கின்றன, ஒன்றிரண்டு வைத்திருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் திராட்சை விளைகிறதே, டெம்ப்ரானியோவைச் செங்கலடியில் நட்டு வீட்டிலேயே வைன் செய்தால் என்ன? (செங்கலடி)

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறோம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். வீட்டுத் தேவைக்கு என்பது சாட்டாகாது.

கொடியைப் பற்றி: டெம்ப்ரானியோவுக்குக் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் காலம் வேண்டும். ரியோஹாவின் தலைநகரான லோக்ரோன்யோவில் பனி விழும். கோடை இரவும் குளிரும். அந்த இரவுக் குளிர்தான் பழத்தில் புளிப்பைக் காப்பாற்றுகிறது. நம் இரவுகள் 22 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்குகின்றன. ஏற்கெனவே புளிப்புக் குறைந்த இந்தத் திராட்சை இங்கே பழுத்தால் வெறும் இனிப்பாக முடியும். மழை வேறு: ரியோஹாவில் வருடத்துக்கு 400, 500 மில்லிமீற்றர் அளவில், மட்டக்களப்பில் 1,600க்கு மேல், அதில் பெரும்பகுதி மாரியில் ஒரேயடியாக. சாம்பல் நோய்க்கு இந்த வகை எளிதில் ஆளாகும். யாழ்ப்பாணத்தில் கொடியைக் கவ்வாத்துச் செய்து, வறண்ட காலம் பார்த்துப் பழம் எடுக்கிறார்கள். அதுவும் தின்னும் வகைகள். உங்களுக்கும் பந்தல் போட ஆசையென்றால் அந்த வகைகளில் ஒன்றை நடுங்கள்.

கேள்வி: ஒரு போத்தலில் எத்தனை கிளாஸ் கணக்கிடலாம்? மிச்சம் எத்தனை நாள் தாங்கும்? (ஹோட்டல் கணக்காளர், பாசிக்குடா)

பதில்: போத்தல் 750 மில்லிலீற்றர். 150 மில்லி ஊற்றினால் ஐந்து கிளாஸ், 125 என்றால் ஆறு. படிவு உள்ள ரெசெர்வாவில் கடைசிக் கொஞ்சத்தை ஊற்ற முடியாது. அங்கே 150 மில்லி என்றால் நான்கு, 125 என்றால் ஐந்துக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். 13.5 சதவீத வைனில் 150 மில்லி கிளாஸ் ஒன்றில் ஏறக்குறைய 16 கிராம் மதுச் சத்து இருக்கிறது. வாகனம் ஓட்டிப் போகும் விருந்தினருக்கு இரண்டாவது கிளாஸை ஊற்றும் முன் இதை நினையுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு ஒரு கிளாஸும் கிடையாது.

திறந்த போத்தலைத் தக்கையால் இறுக்கி, நிமிர்த்தி, பிரிஜ்ஜில் வையுங்கள். கிரியான்சா மூன்று நாள் தாங்கும், நான்காம் நாள் குசினிக்குக் கொடுங்கள். பழைய கிரான் ரெசெர்வாவுக்கு மறுநாளே வாசம் பாதி போய்விடும். அதைக் கிளாஸ் கணக்கில் விற்காதீர்கள், முழுப் போத்தலாகவே கொடுங்கள். பாதிக்கு மேல் காலியான போத்தலென்றால் சிறிய சுத்தமான போத்தல் ஒன்றுக்குக் கழுத்து வரை மாற்றி மூடினால் இன்னும் ஒரு நாள் கூடும். திறந்த திகதியை மெழுகுப் பென்சிலால் போத்தலிலேயே எழுதிவிடுங்கள், அடுத்த முறை வேலைக்கு வருபவருக்குத் தெரிய வேறு வழியில்லை.